வட்டி ஏறினால் மலையில் மனை விலை இறங்குமா?

வீடு, மனை, கடன்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, வட்டி ஏறி இறங்குவதைப் பற்றிய ஒரே கவலையைத்தான் பேசுகின்றன. 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை, ஆறு தடவையாக, ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் ஆகிய மாதங்களில் குறைக்கப்பட்டு 5.50க்கு வந்தது. ஏறிய காலத்தில் பட்ட அடி பலருக்கு இன்னும் ஆறவில்லை. இறங்கிய காலத்தில் புதிதாகக் கடன் வாங்குவோரோ இந்த வட்டி இப்படியே இருக்கும் என்று நம்புகிறார்கள். குன்னூரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த இரு தரப்பினருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2022 தொடக்கத்தில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 7 சதவீத மாறும் வட்டி, 20 ஆண்டுகள், மாதத் தவணை 23,259 ரூபாய். வட்டி ஏறுகிறது என்று செய்தித்தாளில் படித்தபோதெல்லாம், என் தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அண்மையில் கணக்குப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் அசல் குறைந்ததாகவே தெரியவில்லை. கடன் முடியும் ஆண்டு, நான் பணி ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து வருகிறது. வங்கி கணக்கில் பிழை செய்துவிட்டதா?
— பள்ளி ஆசிரியை, குன்னூர்

பதில்: அம்மா, கணக்கில் பிழை இருக்காது. உங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் பிழை. எப்படி நடந்தது என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். முதல் மாதம் நீங்கள் கட்டிய 23,259 ரூபாயில் 17,500 ரூபாய் வட்டிக்குப் போனது. 5,759 ரூபாய் அசலில் கழிந்தது. கணக்கை எளிமையாக்க, ஓராண்டு முழுவதும் 7 சதவீதமே இருந்து, அதன் பிறகு ஒரேயடியாக 9.50 சதவீதம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டின் முடிவில் அசல் பாக்கி சுமார் 29 லட்சத்து 28 ஆயிரத்து 600 ரூபாய். அதற்கு 9.50 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். நீங்கள் கட்டும் தவணையில் அசலுக்கு மிஞ்சுவது 74 ரூபாய், ஒரு தேநீருக்கும் இரண்டு வடைக்கும் ஆகும் காசு. அந்த வேகத்தில் கடன் தீர இன்னும் 60 ஆண்டுகள் வேண்டும். வட்டி படிப்படியாக ஏறியபோது உங்கள் உண்மைக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே போயிருக்கும். சில மாதங்களில் தவணை வட்டிக்கே போதாமல், பாக்கி வட்டி அசலோடு சேர்ந்திருக்கவும் கூடும்.

தவணையை ஏற்றினால் வாடிக்கையாளர் வந்து கேள்வி கேட்பார், காலத்தை நீட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்பதால், கடன் கொடுத்த பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் காலத்தை நீட்டின. இதைக் கண்டுதான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. வட்டி மாற்றப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அப்போது சொன்னது; 2025 அக்டோபர் முதல் அதைத் தருவது வங்கியின் விருப்பம். கட்டும் தவணை வட்டிக்கே போதாமல் போகும் அளவுக்குக் காலத்தை நீட்டக் கூடாது. இதுவரை கழிந்த அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி ஆகியவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். இந்த உரிமைகளைச் சுட்டிக்காட்டி, கிளைக்கு எழுத்து மூலமாக ஒரு கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.

உங்கள் வட்டி இப்போது 8.50 சதவீதத்துக்கு இறங்கியிருக்குமானால், முதலில் பேசிய ஆண்டிலேயே கடனை முடிக்க மாதம் 27,500 ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டியிருக்கும். அது முடியாவிட்டால், தவணையை 25,000 ஆக்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கையில் வரும் தொகையை அசலில் கட்டுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக எந்த அபராதமும் வசூலிக்க முடியாது. வட்டி குறைந்தது என்பதற்காகத் தவணையைக் குறைத்துத் தரும்படி மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாற வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஏறும் வட்டி விரைவாகவும் இறங்கும் வட்டி மெதுவாகவும் வந்து சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே எங்கள் ஹட்டியை (படகர் ஊர்) ஒட்டி 2 ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கோவையிலிருந்து ஒருவர் 2022ல் முன்பணம் தருவதாகப் பேசி, வட்டி ஏறியதும் விலகிக்கொண்டார். பிறகு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. வட்டி ஏறினால் நில விலை இறங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் யாரும் விலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. விலையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், தானாகப் போகும் என்கிறார் தரகர். என்ன செய்வது?
— சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: நீங்கள் படித்ததும் சரி, உங்கள் கண்ணில் படுவதும் சரி. இரண்டுக்கும் இடையில் இருக்கும் காரணம்தான் மலைநிலத்தில் பணம் போடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

வட்டி, நில விலையை முதலில் கடன் வழியாகத் தொடுகிறது. மாதம் 23,259 ரூபாய் கட்டக்கூடிய ஒருவருக்கு 7 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் கிடைக்கும், 9.50 சதவீதத்தில் அதே தவணைக்கு 25 லட்சம்கூட முழுதாகக் கிடைக்காது. அவருடைய சம்பளம் குறையவில்லை, ஆசையும் குறையவில்லை. வாங்கும் சக்தி மட்டும் ஐந்து லட்சம் குறைந்துவிட்டது. அடுத்தது ஒப்பீடு. ஆண்டுக்கு 1.20 லட்சம் வருமானம் தரும் ஒரு சொத்தை, 5 சதவீத வரவு போதும் என்று நினைப்பவர் 24 லட்சம் கொடுத்து வாங்குவார். வைப்புத்தொகையின் வட்டி ஏறியதால் 6 சதவீதமாவது வேண்டும் என்று அவர் நினைக்கத் தொடங்கினால், அதே சொத்துக்கு அவர் கணக்கில் மதிப்பு 20 லட்சம்தான். கடைசியாக, விற்பவரின் பொறுமை. கடன் வாங்கி அடுக்குமாடி கட்டிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது. விற்றே ஆக வேண்டும். அதனால் சமவெளி நகரங்களில் வட்டி ஏறும்போது, சதுர அடி விலையைக் குறைக்க மனமில்லாவிட்டாலும், கார் நிறுத்துமிடம் இலவசம், பத்திரச் செலவு எங்களுடையது என்று வேறு வழியில் விட்டுக்கொடுப்பார்கள்.

நம் மலையில் இந்த மூன்றாவது கண்ணி அறுந்திருக்கிறது. இங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் பாட்டன் சொத்தை வைத்திருக்கும் குடும்பங்கள். நிலத்தின் மேல் கடன் இல்லை. இந்த ஆண்டு விற்காவிட்டால் யாரும் வந்து ஜப்தி செய்யப் போவதில்லை. தேயிலைத் தோட்டம் வாங்க வீட்டுக் கடனும் கிடைக்காது. வாங்குபவர் கோவையிலோ பெங்களூருவிலோ வேறு சொத்தை விற்றோ, தொழிலில் வந்த பணத்தைக் கொண்டோதான் வருகிறார். வட்டி ஏறும்போது அவருடைய தொழில் கடனுக்கு வட்டி ஏறுகிறது, அவர் விற்க நினைத்த கோவை மனை விலைபோகாமல் நிற்கிறது. ஆகவே அவர் வருவதில்லை. நீங்களும் விலையைக் குறைப்பதில்லை. விலை நின்ற இடத்திலேயே நிற்க, வியாபாரம் நின்றுபோகிறது. மலையில் வட்டியின் பாதிப்பை ரூபாயில் தேடினால் கிடைக்காது. காத்திருக்கும் மாதங்களில் தேட வேண்டும்.

அந்த மாதங்களுக்கும் விலை உண்டு. உங்கள் தோட்டத்துக்கு இன்று 80 லட்சம் தர ஒருவர் தயாராக இருக்கிறார், நீங்கள் 90 கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைப்பாக வைத்தால் இரண்டு ஆண்டில் 91.60 லட்சம் ஆகும். இரண்டு ஆண்டு காத்திருந்து 90 லட்சம் வாங்கினால், நீங்கள் ஜெயித்ததாக ஊர் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லாது. இடைப்பட்ட காலத்தில் பசுந்தேயிலை விற்று வரும் நிகர வருமானத்தை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். உரம், பறிகூலி, கவாத்துச் செலவு போக அது எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். இலை விலை நல்ல ஆண்டில் அது காத்திருப்பைத் தாங்கும், மோசமான ஆண்டில் தாங்காது.

ஆகவே, தரகர் சொல்லும் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்துச் சர்வே எண்களில் கடந்த இரண்டு ஆண்டில் பதிவான கிரயங்களை வில்லங்கச் சான்றில் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அதை நீங்களே பார்க்கலாம். உண்மையில் வாங்குபவர் கிடைத்தால், பேச்சோடு நிறுத்தாமல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, முன்பணம் வாங்கி, ஆறு மாதத்துக்குள் கிரயம் என்று காலவரையறை போடுங்கள். 2022ல் விலகியவரிடம் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால், அவருடைய வட்டிச் சுமையை நீங்கள் சுமந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: கொடைக்கானலில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிறு காட்டேஜ் விலைக்கு வருகிறது. 45 லட்சம் கடன் வாங்கி, இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால், அறைக்கு 2,500 வீதம் மாதம் 15 நாள் ஓடினாலே 75,000 வரும், தவணையை அதுவே கட்டிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?
— தனியார் நிறுவன ஊழியர், மதுரை

பதில்: உங்கள் நண்பர்கள் ஏப்ரல், மே மாதக் கொடைக்கானலைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடுகிறார்கள். மழை மாதங்களில் வார நாட்களில் ஏரிச்சாலை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் தேவை. 2025 கோடைக்கு, கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மலையின் நன்மைக்கு அது தேவையான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பயணிகளின் வரவை நம்பித் தவணை கட்ட நினைப்பவர் அதைத் தன் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

75,000 வந்துவிட்டது என்றே வைப்போம். காவல்காரர் சம்பளம், முன்பதிவு இணையதளங்களின் தரகு, சலவை, மின்கட்டணம், கோடையில் லாரித் தண்ணீர், ஈரத்தில் உப்பும் சுவருக்கு ஆண்டுதோறும் வண்ணம் ஆகியவை போக 40,000 கையில் நின்றால் நல்ல நிர்வாகம் என்பேன். 45 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை 7.50 சதவீதத்தில் 36,252 ரூபாய்; 10 சதவீதத்தில் 43,426 ரூபாய். இன்றைய வட்டியில் மயிரிழையில் தப்பும் திட்டம், 2022ல் ஏறியதுபோல் இன்னொரு ஏற்றம் வந்தால் மாதம் 3,400 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து கேட்கும். அதுவும் வங்கி அதை வீட்டுக் கடனாகவே கருதினால்தான். விடுதியாக நடத்தப் போவதாகச் சொன்னால் வணிகக் கடன் வட்டி. சொல்லாமல் நடத்தினால் ஒப்பந்த மீறல்.

அந்தக் கட்டடத்தையே மாத வாடகைக்கு விட்டால் 12,000 வருமா? ஆண்டுக்கு 1.44 லட்சம், 60 லட்சத்துக்கு 2.40 சதவீதம். கடனுக்குக் கொடுக்கும் வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் நாளை விலை ஏறும் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைக் கடன் வாங்கி வாங்கக் கூடாது.

பணத்துக்கு முன்பு பார்க்க வேண்டியது ஒன்று. அனுமதி பெற்ற வரைபடமும் நிற்கும் கட்டடமும் ஒன்றாக இருக்கின்றனவா, வீடு என்று வாங்கிய அனுமதியா, தங்கும் விடுதிக்கான அனுமதியா என்று நகராட்சியில் நேரில் கேளுங்கள். கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின்படி பூட்டி முத்திரையிடப்பட்டதை ஊரே பார்த்தது. முத்திரை விழுந்த கட்டடத்துக்கும் தவணை தேதி தவறாமல் வரும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வசிக்கிறான். அங்கே வட்டி மும்மடங்கு ஏறியும் வீட்டு விலை விழவில்லை என்கிறான். அப்படியானால் வட்டிக்கும் விலைக்கும் தொடர்பே இல்லையா?
— வாசகர், உதகை

பதில்: தொடர்பு உண்டு, அங்கே அது வேறு உருவத்தில் வந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த தன் வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுசென்றது. 2021ல் 3 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்த 30 ஆண்டு வீட்டுக் கடன், 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் அங்கே பெரும்பாலான வீட்டுக் கடன்கள் 30 ஆண்டுக்கும் நிலையான வட்டி கொண்டவை. 3 சதவீதத்தில் கடன் வைத்திருப்பவர், வீட்டை விற்றுவிட்டு 7 சதவீதத்தில் புதுக் கடன் வாங்க மனம் வருமா? அவர் விற்காமல் இருந்துவிட்டார். வாங்குபவர் குறைந்ததோடு விற்பவரும் குறைந்ததால் விலை தாங்கியது. விற்பனை எண்ணிக்கை சரிந்தது. அலுவலகக் கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க வேண்டிய அவற்றின் மதிப்பு பல நகரங்களில் கடுமையாக விழுந்தது. நம் நாட்டில் வட்டி மாறும் வட்டி என்பதால், பழைய கடன்காரரையும் ஏற்றம் விடாமல் தொடுகிறது. குன்னூர் ஆசிரியைக்கு நேர்ந்தது உங்கள் மகனின் அண்டை வீட்டாருக்கு நேராததன் காரணம் அதுதான். விற்பவர் அசையாததால் விலை நிற்கிறது என்பதில் மட்டும், அந்த ஊரும் நம் கோத்தகிரியும் ஒன்று.

கேள்வி: கூடலூரில் எங்கள் நிலம் 17-ஆம் பிரிவில் வருகிறது என்று வங்கிகள் கடன் தர மறுக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் இரண்டு ரூபாய் வட்டிக்கு 10 லட்சம் தருகிறார். வீடு கட்டிவிடலாமா?
— வாசகி, கூடலூர்

பதில்: வேண்டாம், அம்மா. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 10 லட்சத்துக்கு மாதம் 20,000 வட்டி மட்டும்; ஐந்து ஆண்டில் 12 லட்சம் கட்டிய பிறகும் அசல் 10 லட்சம் அப்படியே நிற்கும். ரிசர்வ் வங்கி ஏற்றினாலும் இறக்கினாலும் இந்தக் கடனுக்கு ஒன்றும் ஆகாது.

1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பரம்பரை நிலவுரிமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் தலைமுறைகளாகத் தீராமல் இருக்கிறது. மின்இணைப்புக்கே அங்குள்ள மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. பட்டா இல்லாத நிலத்தில் கட்டும் வீட்டை நாளை விற்கவும் முடியாது, அடமானம் வைத்து மலிவான கடனுக்கு மாறவும் முடியாது. வங்கி மறுத்ததை அவமானமாக எண்ணாதீர்கள். அந்த மறுப்பு உங்களுக்குத் தரப்பட்ட எச்சரிக்கை. மசினகுடிப் பக்கம் யானை வழித்தட அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, சொத்தின் மேல் போட்ட பணம் என்னவாகும் என்று தவித்தவர்களை நான் அறிவேன். ஏற்கெனவே அவரிடம் கைமாற்றாக எதுவும் வாங்கியிருந்து தொல்லை இருக்குமானால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

கேள்வி: அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுப் பணம் 30 லட்சம் வைப்பில் இருக்கிறது. வைப்பு வட்டி இறங்கிக்கொண்டே போகிறது, நிலத்தில் போட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
— ஓய்வு பெற்றவர், வெலிங்டன்

பதில்: ஐயா, பேரப்பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மருந்துச் செலவை நிலம் கொடுக்காது. 30 லட்சத்துக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 2.70 லட்சம் முதல் நாளே போய்விடும். பிறகு வேலி, வரி, ஆண்டுக்கு ஒருமுறை புதர் வெட்டும் கூலி. வரவு ஏதுமில்லை. அந்தத் தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைத்தால், 2023 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட 8.20 சதவீத வட்டிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். அதன் உச்சவரம்பும் 30 லட்சம்தான். காலாண்டுக்கு ஒருமுறை அரசு புது விகிதம் அறிவிக்கும் என்றாலும், நீங்கள் போட்ட நாளின் விகிதம் ஐந்து ஆண்டுக்கும் மாறாது; வைப்பு வட்டி இறங்குகிறது என்ற உங்கள் கவலைக்கு நேரான மருந்து அதுதான். வட்டி வருமானத்துக்கு வரி உண்டு என்பதை மட்டும் கவனியுங்கள்.

நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அவசரத்துக்கு அதில் கால் பங்கை மட்டும் விற்க முடியாது. வட்டி ஏறிய காலத்தில் மலையில் ஒரு மனை விலைபோக இரண்டு ஆண்டு ஆனதைக் கண்டிருக்கிறேன். இதய அறுவைச் சிகிச்சை இரண்டு ஆண்டு காத்திருக்காது.

கேள்வி: நிலம் வாங்க வசதியில்லாதவர்கள் 'ரீட்' எனப்படும் கட்டட முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளை வாங்கலாமா? வட்டி ஏறினால் அவையும் பாதிக்கப்படுமா?
— கல்லூரி மாணவர், பழனி

பதில்: பாதிக்கப்படும், அதுவும் நிலத்தைவிட வெளிப்படையாக. பலரின் பணத்தைத் திரட்டி வாடகைக் கட்டடங்களில் போடும் இந்த ரீட்களில் முதலாவது 2019ல் இந்தியச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இப்போது ஓர் அலகுகூட வாங்கலாம். வாடகை வருவாயில் பகிரக்கூடிய தொகையில் குறைந்தது 90 சதவீதத்தை அலகு வைத்திருப்போருக்கு அவை பகிர வேண்டும். வைப்புத்தொகையின் வட்டி ஏறும்போது, அந்த வரவு முன்போலக் கவர்ச்சியாகத் தெரியாது. அலகின் விலை அன்றாடம் சந்தையில் தெரிவதால் உடனே இறங்கிக் காட்டும். மலை மனையின் விலையும் அதே காரணத்தால் உள்ளுக்குள் இறங்கத்தான் செய்கிறது. தினமும் யாரும் அதை எழுதிப் போடுவதில்லை. சிறு தொகையில், மாதாமாதம், படித்துக்கொண்டே செய்வதானால் தவறில்லை.

கேள்வி: கேத்தியில் சொந்த மனை இருக்கிறது. 25 லட்சம் கடனில் வீடு கட்ட வங்கி ஒப்புதல் தரத் தயாராக உள்ளது. வட்டி இன்னும் இறங்கும் வரை காத்திருக்கலாமா, இல்லை, ஏறுவதற்குள் தொடங்கிவிடலாமா? நிலையான வட்டியில் வாங்குவது நல்லதா?
— அஞ்சல் துறை ஊழியர், கேத்தி

பதில்: குடியிருக்க வீடு கட்டுபவர் வட்டியின் திசையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டியதில்லை. நிலையான வட்டி பெரும்பாலும் மாறும் வட்டியைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிலையாக இருந்து, பிறகு மாறும் வட்டியாகிவிடும் ஒப்பந்தங்கள் உண்டு என்பதால், கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 25 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை 8.50 சதவீதத்தில் 21,696 ரூபாய், 9.50 ஆனால் 23,303. அந்த 1,607 ரூபாயை இன்றைய சம்பளத்தில் தாங்க முடியும் என்றால் மாறும் வட்டியே போதும்.

மலையில் கட்டுபவரின் உண்மையான எதிரி தாமதம். கடன் தொகை மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை கான்கிரீட் என்று கட்டம் கட்டமாக வரும். வந்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டிக்கொண்டே, இருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுப்பீர்கள். எம்-சாண்டும் கம்பியும் மலைப்பாதை ஏறி வர வேண்டும்; சாலையிலிருந்து மனை வரை தலைச்சுமையாக இறக்க வேண்டும்; மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். பத்து மாதத்தில் முடிய வேண்டிய வீடு பதினெட்டு மாதம் ஆனால், சராசரியாக 18 லட்சம் வெளிவந்திருக்கும் நிலையில் அந்தக் கூடுதல் எட்டு மாதத்துக்கு மட்டும் 1.02 லட்சம் வட்டி. அதே 18 லட்சத்துக்கு வட்டி ஒரு சதவீதம் ஏறியிருந்தால்கூட, பதினெட்டு மாதத்துக்கும் சேர்த்து 27,000தான்.

மதிப்பீட்டில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். என் மேசைக்கு வந்த பல மதிப்பீடுகளில் அது இருந்ததில்லை. சமவெளி வீட்டின் படிவத்தை அப்படியே எடுத்து மலைக்குப் பெயர் மாற்றியிருப்பார்கள். ஒருவர் கூரை போட வந்த தவணைத் தொகையைச் சுவருக்குச் செலவழித்துவிட்டு, லிண்டல் மட்டத்தில் நின்ற வீட்டின் படத்தை, மழையில் நனைந்த கோப்போடு என் முன்னால் வைத்தார். சுவருக்குக் கேட்ட கூடுதல் கடன் அவருக்குக் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதற்காகச் சுவரை விட்டுவிடாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த மாவட்டம் இது.

குன்னூர், கேத்திச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் கனமாக வரும் என்பதால், ஜனவரி முதல் மே வரைதான் உங்களுக்குத் தடையில்லாத வேலைக்காலம். கட்டட அனுமதி, மண் ஆய்வு, தடுப்புச் சுவரோடு கூடிய மதிப்பீடு, கடன் ஒப்புதல் ஆகிய எல்லாவற்றையும் மழை மாதங்களில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணைத் தொகையைப் பொங்கல் முடிந்து எடுங்கள். ஜூன் மேகம் வருவதற்குள் கூரை கான்கிரீட் போட்டுவிடும்படி கொத்தனாரிடம் தேதி பேசி, கூலி ஒப்பந்தத்தில் அந்தத் தேதியை எழுதி வாங்குங்கள்.